காயம் ஆறும் பாடம்

ஊசி குத்தினால் புற்றுநோய் பரவும் என்று நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள். ஆவடியில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியை நான். பெயர் எழிலரசி. என்னிடம் படித்த பிள்ளைகள் நர்ஸாகவும் டாக்டராகவும் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட என் பாடத்தைப் பிடித்துக்கொண்டு தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதில்லை. அதைச் செய்தவள் என் அக்கா. அவள் என் மாணவிகூட இல்லை.

அக்கா பூங்காவனத்தின் வீடு நெமிலிச்சேரியில், ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். மாமா பாண்டியன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஆபரேட்டர். ஒரே பெண், கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். நான் இருப்பது கள்ளிக்குப்பத்தில் ஒரு ஃபிளாட்டில். டியூஷனை முதலில் அங்கேதான் நடத்தினேன். மாடிப்படியில் செருப்பு குவிகிறது, பிள்ளைகள் "எஸ் மிஸ்" என்று கத்துவது வீட்டிலிருந்தே நாங்கள் பேசும் ஆபீஸ் மீட்டிங்கில் கேட்கிறது என்று அசோசியேஷன்காரர்கள் மூக்கால் அழுதார்கள். அக்காவிடம் புலம்பினேன்.

"ஊடு சும்மாத்தானே கீது. இங்க வந்து நடத்துடி எயிலு," என்றாள். எழில் என்பது அவள் வாயில் நுழைந்ததே இல்லை. பிறந்த நாள் முதல் அவளுக்கு நான் எயிலுதான்.

அப்படித்தான் அவள் வீட்டுக் கூடம் என் வகுப்பறை ஆனது. டி.வி.யைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு அந்த இடத்தில் கரும்பலகையை மாட்டினாள். பட்டாபிராம் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். அப்பாமார்கள் திருநெல்வேலி, மதுரை, தர்மபுரி என்று எங்கிருந்தோ ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். பாடம் நடக்கும்போது அக்கா சமையலறை வாசலில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவாள். நறுக்குகிற சாக்கில் ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். யாராவது கதவைத் தட்டினால், "கம்முனு கெட, உள்ள கிளாஸ் நடக்குது," என்று விரட்டுவாள். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் அவள். அப்பா போனபிறகு அவள் கம்பெனிக்குப் போனாள், நான் காலேஜுக்குப் போனேன். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. காட்டியிருந்தால் நானும் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன்.

போன வருடம் பள்ளி திறந்த புதிதில், பதினொன்றாம் வகுப்புக்குச் செல் சுழற்சி எடுத்தேன். எனக்குப் பிடித்த பாடம் அது. ஒரு செல் இரண்டாகப் பிரிவதென்றால் சும்மா இல்லை. முதலில் வளர வேண்டும். தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்க வேண்டும். எடுத்த நகல் சரியா என்று பார்க்க வேண்டும். நடுநடுவே கேட் இருக்கிறது, ரயில்வே கேட் மாதிரி. நகலில் பிழை இருந்தால் கேட் மூடிவிடும், திருத்தினால்தான் திறக்கும். திருத்தவே முடியாத பிழை என்றால் அந்தச் செல்லைச் செத்துப்போ என்று சொல்லிவிடும். அதுவும் முரண்டு பிடிக்காமல் சாகும். பி-53 என்று ஒரு புரதம், அதுதான் கேட்கீப்பர்.

"இதெல்லாம் நம்ம உடம்புல நடக்குதா மிஸ்?" என்று முகமது ஆசிக் கேட்டான். எதையும் நம்பாத பையன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

"இப்ப காட்டறேன் பாரு," என்று அக்காவைக் கூப்பிட்டேன். முந்தின வாரம் மீன் கழுவும்போது விரலை வெட்டிக்கொண்டிருந்தாள். கட்டை அவிழ்த்து அந்த விரலைப் பிள்ளைகளுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

"வெட்டுப்பட்டதும் இந்த இடத்துச் செல்லுக்கெல்லாம் உத்தரவு போச்சு. பிரி, பிரி, ஓட்டையை அடைன்னு. அதுங்களும் பிரிஞ்சுது. ரெண்டு பக்கத்துத் தோலும் வந்து ஒண்ணையொண்ணு தொட்டுச்சு. தொட்டதும் இன்னொரு உத்தரவு. நில். நின்னுடுச்சு. நிக்கலைன்னா என் அக்கா விரல் இப்ப பூசணிக்காய் சைஸுக்கு இருக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். விரலை இப்படியும் அப்படியும் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள், மேடையேறிப் பரிசு வாங்கியவள் போல.

"சரி, நில்லுன்னு சொல்ற ஆள் கெட்டுப்போயிட்டா?" என்றேன். "கேட்கீப்பருடைய மரபணுவிலேயே பிழை வந்துட்டா? போ போன்னு விரட்டற மரபணு, விடாம அடிக்கிற ஹாரன் மாதிரி மாட்டிக்கிட்டா? ஒரே நாள்ல இது நடக்காது. ஒரு பிழை மேல இன்னொரு பிழை, வருஷக்கணக்கா சேரணும். சேர்ந்தா நிறுத்த ஆள் இல்லாம பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதுக்குப் பேர்தான் புற்றுநோய்."

எழுதிக்கொண்டார்கள். அக்கா எழுதவில்லை, ஆனால் ஒரு எழுத்து விடாமல் வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி மாமாவுக்கு அப்படியே ஒப்பித்தாளாம்.

தீபாவளி முடிந்த சமயம், கொடியில் துணி போடும்போது அவள் இடது கையைத் தூக்கவில்லை. வலது கையாலேயே எட்டி எட்டிப் போட்டாள். என்ன என்று கேட்டால் சுளுக்கு என்றாள். பொய் சொல்லும்போது அவளுக்கு மூக்கு விடைக்கும். உள்ளே இழுத்துப் போய்க் கதவைச் சாத்தி ஜாக்கெட்டை அவிழ்க்க வைத்தேன். இடது மார்பில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. தொட்டேன், நகரவில்லை.

"எப்போலேர்ந்து?"

"ஆடியில ஒரு பட்டாணியாட்டம் இருந்துச்சி. வலிக்கவே இல்லடி. வலிச்சா சொல்லியிருப்பேன்."

வலிக்காது. அதுதானே அதன் யோக்கியதை! காலில் முள் குத்தினால் ஊரைக் கூட்டுகிற உடம்பு, இதற்கு மட்டும் வாயைத் திறக்காது. மறுநாளே லீவு போட்டு, ஸ்கூட்டியில் உட்கார வைத்துப் பூந்தமல்லி பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மைதிலி என்று சின்ன வயசுப் பெண், பொறுமையாகப் பேசினாள். மார்பைப் படமெடுத்துப் பார்த்தாள். அக்குளைத் தொட்டுப் பார்த்தாள்.

"கட்டி இந்த இடத்துல மட்டும்தான் இருக்கிற மாதிரி தெரியுது. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் சரியா செய்ய முடியும். இப்பவே ஆரம்பிச்சா நல்லா குணப்படுத்தலாம்மா. பயப்படாதீங்க," என்றாள்.

ஊசி என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அக்கா எழுந்துவிட்டாள். முந்தானையைச் சரிசெய்தாள், டாக்டருக்குக் கும்பிடு போட்டாள், விறுவிறுவென்று வெளியே நடந்தாள். நான் பையையும் படத்தையும் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஸ்கூட்டியில்தான் சண்டை. லாரியும் பஸ்ஸும் உரசுகிற அந்த ரோட்டில், பின்னால் உட்கார்ந்துகொண்டு என் காதுக்குள்ளேயே பேசிக்கொண்டு வந்தாள்.

"ஊசியெல்லாம் வோணாம் எயிலு. குத்தினா பரவிடும்."

"எந்த மடையன் சொன்னான்?"

"வேம்புலியம்மாளுக்கு இன்னா ஆச்சி? நல்லா நடந்துகினு இருந்தா. கத்தி வச்சானுங்க. பொங்கலுக்குக் கோலம் போட ஆளில்ல."

வேம்புலியம்மாள் அதே தெருக்காரி. வயிறு முழுக்கப் பரவிய பிறகுதான் அவளை ஆஸ்பத்திரிக்கே தூக்கிப் போனார்கள். வியாதி கொன்றது, பழி கத்தி மேல் விழுந்தது. எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சுதான் பெரிய வியாதி, அதற்கு மருந்து இல்லை. அதைச் சொல்லி நான் கத்தினால், அக்கா அமைதியாக அடுத்த சீட்டை இறக்கினாள்.

"சரி, அவளை உடு. நீ இன்னா சொன்னே? காயம் பட்டா உத்தரவு போவும், பிரி பிரின்னு. அப்பால மூடினதும் நில்லுன்னு ஒரு உத்தரவு. என் விரலைப் புடிச்சிகினு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"எனக்குள்ள நில்லுன்னு சொல்ற ஆளு கெட்டுப்பூட்டான். அதனாலதானே இந்தக் கட்டி? இப்போ அது மேலயே ஊசியால குத்தினா காயம். காயம்னா உத்தரவு. பிரி பிரின்னு அது பாட்டுக்குக் கெளம்பும். நிறுத்துறதுக்கு யாருடி கீறா?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். ஆசிக் கேட்டிருந்தால் சபாஷ் என்று தட்டிக்கொடுத்திருப்பேன். இவளைத் தட்டிக்கொடுக்கவா? அறையலாமா என்று இருந்தது.

"அக்கா, கேளு. அது உத்தரவுக்குக் காத்துக்கினு இல்ல. உத்தரவே இல்லாமதான் பிரியுது. நீ குத்தினாலும் பிரியும், குத்தாட்டியும் பிரியும். இன்னிக்கு ராத்திரி நீ தூங்கும்போதும் பிரியும். அதுக்கு உன் ஊசியால ஆக வேண்டியது ஒண்ணுமில்ல. ஊசி நமக்குத்தான் வோணும், அது இன்னா ஜாதின்னு தெரிஞ்சுக்க." கோபம் வந்தால் நானும் நெமிலிச்சேரிக்காரிதான், டீச்சர் தமிழெல்லாம் பறந்துவிடும்.

"கத்தாத. ரோட்ல எல்லாம் பாக்குறான்," என்றாள். அவ்வளவுதான் அவள் பதில்.

வீட்டில் மாமாவிடம் சொன்னேன். மாமா நல்ல மனிதர், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இன்னா எயிலு, நீ சொல்லிக்குடுத்ததைத்தானே அவ சொல்றா. படிச்சவ சொன்னா தப்பா இருக்குமா?" என்றார். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மாமா, அதே படிச்சவதான் இப்பவும் சொல்றேன். ஊசியால பரவாது!"

அக்கா என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

"நீ அப்டித்தான் சொல்லுவ. அம்மா ஆஸ்பத்திரியில படுத்துகினு இருந்தப்போ இன்னா சொன்னே? வெறும் வாய்வுதாம்மா, நாளைக்கு ஊட்டுக்குப் போயிடலாம்னு. மூஞ்சில ஒரு சுருக்கம் இல்லாம சொன்னே. எங்கமேல பாசம் வந்துச்சின்னா நீ கூசாம பொய் சொல்லுவடி. ஆனா போர்டுக்கு முன்னால நின்னா சொல்ல மாட்ட. புள்ளைங்களுக்கு நீ பொய் சொல்லிப் பாத்ததே இல்ல."

சாகக் கிடக்கிற தாயிடம் வேறு என்ன சொல்வார்கள்? நாள் குறித்தா கொடுப்பார்கள்? அதைக் கொண்டுவந்து இங்கே வைக்கிறாள்! என் வாயிலிருந்து வருவதில் எது நிஜம், எது ஆறுதல் என்று அவளே தரம் பிரித்து வைத்திருக்கிறாள். சாக்பீஸ் கையில் இருந்தால் நிஜம். இல்லாவிட்டால் ஆறுதல். மகளை ஓசூரிலிருந்து போனில் பேச வைத்தேன். டாக்டர் மைதிலியைப் பேச வைத்தேன். ஒரு நாள் காலில்கூட விழுந்தேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். "எழுந்திரிடி, பொடவை அழுக்காவுது," என்றாள்.

மாமா திருவள்ளூர் பக்கம் யாரோ வைத்தியரிடம் ஒரு எண்ணெய் வாங்கி வந்தார். கறுப்பாக, பழைய டயர் நாற்றத்தோடு இருந்தது. குத்தாமல், வெட்டாமல் கட்டியை உருக்கிவிடுமாம். உருக்குகிறதாம்! நல்லெண்ணெயில் என்ன இழவைக் காய்ச்சினானோ! தினம் இரண்டு வேளை அக்கா அதைத் தடவிக்கொண்டாள். கூடம் முழுக்க அந்த வாடை. பிள்ளைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு படித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போர்டுக்கு முன்னால் சொன்னால்தானே நம்புவாள்? போர்டிலேயே சொல்கிறேன்.

தை பிறந்திருந்தது. பிள்ளைகளுக்குச் செல் சுழற்சி முடிந்து மாதக்கணக்காகிவிட்டது, திருப்புதல் என்று சொல்லி மறுபடி எடுத்தேன். அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவள் பக்கமே திரும்பவில்லை. சாக்பீஸை எடுத்தேன், அதே படத்தை வரைந்தேன், அதே கேட், அதே கேட்கீப்பர். குரலையும் அதே மாதிரி வைத்துக்கொண்டேன். பிறகு, இதுவும் பாடத்தில் உள்ளதுதான் என்பது போல, கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'ஊசிப் பரிசோதனையால் புற்றுநோய் பரவாது.'

"எழுதிக்கோங்க. ஆரோக்கியமான தோல் உத்தரவு வந்தா பிரியும், உத்தரவு வந்தா நிக்கும். ஊசி குத்தின இடத்தை அதுவே மூடிடும். புற்றுச் செல் உத்தரவைக் கேக்கறதே இல்லை. அதனால ஊசி குத்தறதுனால அதுக்குப் புதுசா எந்த வேகமும் வந்துடாது. எத்தனையோ ஆயிரம் பேருக்குக் குத்திப் பாத்துத்தான் சொல்றாங்க. பயந்து தள்ளிப்போடறதுதான் ஆபத்து."

கீரை ஆய்கிற சத்தம் நின்றது. கேட்கிறாள், கேட்கிறாள், இன்னும் கொஞ்சம்தான் என்று நினைத்தேன். நான் கும்பிடாத சாமியில்லை அந்த நிமிஷத்தில்.

லாவண்யா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கையைத் தூக்கினாள். நன்றாகப் படிக்கிற பெண், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. "மிஸ், இது எந்தப் பக்கம்?"

"நீ முதல்ல எழுது."

"இல்ல மிஸ், தேடிட்டேன். இது புக்குலயே இல்ல."

"நீட்டுக்கு வருமா மிஸ்?" என்றான் ஆசிக்.

நான் பதில் சொல்வதற்குள் பேனாக்கள் இறங்கிவிட்டன. புத்தகத்தில் இல்லாததை, பரீட்சைக்கு வராததை எழுதக்கூடாது என்று அவர்களைப் பழக்கியவளே நான்தான். வராததில் நேரத்தை வீணாக்காதே என்று தினம் ஒரு தடவையாவது சொல்லியிருப்பேன். அக்காவுக்கும் அது மனப்பாடம். மறுபடியும் கீரை ஆய்கிற சத்தம் கேட்டது.

பிள்ளைகள் போனதும் டம்ளரில் டீயை நீட்டினாள். "எனக்காகத்தானே சொன்னே?" என்றாள். கோபமில்லை. "புக்குல இல்லாததை ஏன்டி எழுதிப்போட்ட? உனக்குக் கெட்ட பேர் வரப்போவுது." துணியை நனைத்து வந்து என் எழுத்தை அவளே துடைத்தாள். டீயை அப்படியே வாசலில் கொட்டிவிட்டு நான் வண்டியை எடுத்தேன். பிறகு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்து என்னத்தைச் சாதித்தேன்? அந்த வாரத்திலும் அது பிரிந்துகொண்டுதான் இருந்தது.

பங்குனி வெயில் ஆரம்பித்தபோது எண்ணெய் வாடைக்கு அடியில் வேறொரு வாடை வந்தது. நான் உயிரியல் படித்தவள், எனக்குத் தெரியும். கேட்டதற்கு வேர்வை என்றாள், மூக்கு விடைத்தது. துணியை விலக்கிப் பார்த்தேன். கட்டி தோலைக் கிழித்துக்கொண்டு தானாகவே வெளியே வந்திருந்தது. யாரும் குத்தவில்லை. யாரும் வெட்டவில்லை. ஊசிக்குப் பயந்தாளே, அந்த ஊசி போடுகிற ஓட்டை ஒரு கடுகளவு. இது உள்ளங்கை அகலம்.

அக்கா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமே குத்தலியேடி," என்றாள். சின்னக் குழந்தை மாதிரி கேட்டாள். "குத்தாமயே எப்டி காயம் ஆச்சி?"

அவளைக் கட்டிக்கொண்டு சத்தம்போட்டு அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். மாமா கதவுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும்.

இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர் மைதிலி. உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் இருக்கிறது, முதுகெலும்பில் இருக்கிறது. அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னாள். முழுசாகக் குணமாகிற கட்டம் போய்விட்டதாம். வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம், கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். அதற்கும் அந்த ஊசி வேண்டும். எந்த வகை என்று தெரிந்தால்தான் மருந்து. ஐப்பசியில் சொன்ன அதே வார்த்தை.

பிறகு அக்காவை உள்ளே அழைத்தாள். பழைய படத்தையும் புது ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. டாக்டர்களும் மனிதர்கள்தானே.

"அப்பவே சொன்னேனேம்மா. ஒரு ஊசி. வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஏன் வரலை?"

"குத்தினா பரவிடும்னு பயந்துட்டேங்க."

"யாரும்மா இப்படியெல்லாம் சொல்றாங்க உங்களுக்கு? யாராவது நாட்டு வைத்தியரா?"

"ஐயே, அவனுங்க பேச்செல்லாம் நான் கேப்பனா?" அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் தோளில் கை வைத்தாள். அவ்வளவு வலியிலும் அவள் முகத்தில் ஒரு களை வந்தது. "தோ, என் தங்கச்சிதாங்க சொல்லிக்குடுத்தா. பயாலஜி டீச்சரு. காயம் பட்டா செல்லுங்க எப்டி பிரியும், யாரு நிறுத்தறதுன்னு அவ்ளோ விளக்கமா சொல்லுவா. என் விரலைக் காட்டித்தான் கிளாஸே எடுப்பா."

டாக்டர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இல்லை டாக்டர், நான் சொன்னது அது இல்லை, கரடியாய்க் கத்தினேன், போர்டில்கூட எழுதினேன் என்று அங்கே உட்கார்ந்து வழக்காடவா? அக்காவின் கை என் தோளில் இருந்தது. பெருமையாக அழுத்திப் பிடித்திருந்தாள். நான் அந்தக் கைமேல் என் கையை வைத்தேன்.

மார்புப் புண்ணை விட்டுவிட்டு, இப்போது அக்குளிலும் பரவி வீங்கியிருந்த கட்டியில் ஊசி போட்டார்கள். அந்த இடத்துத் தோல் இன்னும் நல்ல தோல். முதலில் மரத்துப்போக ஒன்று, பிறகு சதை எடுக்க ஒன்று. ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக்கென்று ஒரு சத்தம். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்தி, "முடிஞ்சுதும்மா," என்றாள்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "முடிஞ்சிட்சா? இவ்ளோதானாடி?"

"இவ்ளோதான்."

"எறும்பு கடிச்சாப்பலதான் கீது. இதுக்கா பயந்தேன் நானு?"

ரிசல்ட் வந்து மருந்து ஆரம்பிப்பதற்குள் ஒரு வாரம் போனது. தினமும் பள்ளியிலிருந்து நேராகப் போய் நான்தான் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டேன். டியூஷன் நடக்கவில்லை. கரும்பலகையைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். ஒரு நாள் கட்டுப் போட்டு முடித்ததும் அக்கா கையைத் தூக்கச் சொன்னாள். அவளால் தூக்க முடியாது, நான்தான் தூக்கிப் பிடித்தேன். இன்னொரு கையால் கண்ணாடியைச் சாய்த்து அக்குளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எயிலு, ஊசி குத்தின எடம் எங்கடி? காணோமே?"

நானும் பார்த்தேன். தழும்புகூடச் சரியாகத் தெரியவில்லை. "மூடிக்கிச்சுக்கா."

"மூடிகினு நின்னுட்சா?"

"நின்னுடுச்சு."

"அப்போ நில்லுன்னு சொல்ற ஆளு அங்க கீறான்."

"ஆமாக்கா. நல்ல தோல்ல எப்பவும் இருந்தான்."

கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் யாரோ சைக்கிள் மணி அடித்துவிட்டு, வகுப்பு இல்லை என்று தெரிந்து திரும்பிப் போனார்கள்.

"இதை மட்டும் ஏன்டி உங்க புக்குல போடல?" என்றாள்.